முக்கால் அங்குல பர்னர்

உலோகத்தை உருக்கவும் இரும்பைப் பழுக்கக் காய்ச்சவும் பயன்படும் எரிவாயு பர்னரில் அசையும் பாகம் எதுவும் கிடையாது. ஒரு சின்னத் துளை, அதற்கு எதிரே ஒரு குழாய், குழாயின் கடைசியில் சற்றே அகன்ற வாய். துளையிலிருந்து சீறிவரும் வாயு, சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் பாய்கிறது. உள்ளே இரண்டும் கலந்து, வாய்க்கு வந்து எரிகின்றன. கரி உலையில் கொல்லரின் துருத்தி செய்த வேலையை இங்கே வாயுவின் வேகமே செய்துவிடுகிறது. பர்னர் செய்யப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் வாயுவைப் பற்றியே கவலைப்படுகிறார்கள்: அழுத்தம் எவ்வளவு, துளை எவ்வளவு பெரிது என்று. பட்டறையில் சில உலைகளை எரித்துப் பழகியவர்கள் முதலில் பார்ப்பது காற்றை. எவ்வளவு காற்றை இழுக்கிறது, எவ்வளவு சீராகக் கலக்கிறது என்பதுதான் ஒரு பர்னரின் தரம்.

எரிவதற்கு முன்பே வாயுவையும் காற்றையும் கலந்துவிடும் இந்த முறை புதிதல்ல. 1855ல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் புன்சனும் கருவி வடிவமைப்பாளர் பீட்டர் டெசாகாவும் உருவாக்கிய ஆய்வகப் பர்னர் இதே அடிப்படையில் இயங்கியது. உலைக்கான பர்னரை வீட்டிலேயே செய்துகொள்ளும் பழக்கம் அமெரிக்காவின் பொழுதுபோக்குக் கொல்லர்களிடையே வளர்ந்தது. ரான் ரைல் வடிவமைத்த எளிய குழாய்ப் பர்னர்களும், மைக்கேல் போர்ட்டர் 2004ல் வெளியிட்ட பர்னர் நூலும் அந்தப் பழக்கத்தின் அடித்தளங்கள். அவர்கள் எழுதியது எல்லாம் புரொப்பேனுக்கு. நம் ஊரில் சிலிண்டரில் வருவது எல்பிஜி. அந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காமல் அமெரிக்க அளவுகளை அப்படியே நகலெடுத்தால் பர்னர் எரியும். ஆனால் புகையும், மஞ்சளடிக்கும், எதிர்பார்த்த சூடு வராது.

எல்பிஜி என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. கலவை விகிதம் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. புரொப்பேன் −42 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். பியூட்டேன் ஏறக்குறைய −0.5 டிகிரியில். சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் உள்ளே உள்ள திரவத்தின் வெப்பநிலையைப் பொறுத்தது என்பதால், பியூட்டேன் அதிகமுள்ள சிலிண்டர் குளிரக் குளிர வேகமாகச் சோர்ந்துபோகும். ஒரு பங்கு புரொப்பேன் முழுமையாக எரிய ஏறக்குறைய 24 பங்கு காற்று தேவை; பியூட்டேனுக்கு 31 பங்கு. காற்றைவிடப் புரொப்பேன் ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் இரண்டுமே தரையோடு தவழ்ந்து பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும். அதனால் தரைமட்டத்துக்குக் கீழே உள்ள அறையில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டரைச் சமையல் தவிர வேறு வேலைக்கு எடுப்பது சட்டப்படி குற்றம். உலைக்கு உரியது 19 கிலோ வணிகச் சிலிண்டர். பெரிய சிலிண்டர் உலைக்கு வேறு விதத்திலும் நல்லது என்பது பின்னால் தெரியும்.

சிறு உலைக்கு முக்கால் அங்குலக் குழாயில் செய்த பர்னர் ஒன்று போதும். அந்தக் குழாயின் உள்விட்டம் ஏறக்குறைய 21 மி.மீ. அதற்கு எதிரே 1 மி.மீ. துளையுள்ள ஜெட் வைத்து, 1 பார் அழுத்தத்தில் வாயுவை விட்டால், மணிக்குச் சுமார் 1.3 கிலோ வாயு எரியும். அது கிட்டத்தட்ட 17 கிலோவாட் வெப்பம், அதாவது வீட்டு அடுப்பின் பெரிய பர்னர்களில் ஆறேழு சேர்ந்து எரிவதற்குச் சமம். இவ்வளவு வாயுவை எரிக்க மணிக்கு 17 கனமீட்டர் காற்று வேண்டும். இந்தக் காற்று முழுவதையும், மின்விசிறி எதுவும் இல்லாமல், குண்டூசி கனமுள்ள ஒரு வாயுக் கீற்று இழுத்து வருகிறது. 0.7 பாருக்கு மேல் அழுத்தம் போனதும் அந்தக் கீற்று துளையின் வாயில் ஒலியின் வேகத்தைத் தொட்டுவிடுகிறது. புரொப்பேனில் அது வினாடிக்கு 240 மீட்டருக்குச் சற்று மேல். வீட்டு அடுப்பின் ரெகுலேட்டர் கொடுப்பது வெறும் 0.03 பார். அந்த அழுத்தத்தில் கீற்றுக்கு இந்த வேகம் கிடைக்காது. அதனால்தான் வீட்டு ரெகுலேட்டரில் உலைப் பர்னர் வேலை செய்வதில்லை.

ஜெட்டும் குழாயும் ஒன்றுக்கொன்று எவ்வளவு பொருத்தம் என்பதற்கு அடுப்பு வடிவமைப்பவர்கள் ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். குழாயின் உள்விட்டத்தை ஜெட் துளையின் விட்டத்தால் வகுத்து, வந்ததிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். காற்றோடு ஒப்பிட்ட வாயுவின் அடர்த்திக்கு வர்க்கமூலம் எடுத்து, அதனால் இதைப் பெருக்க வேண்டும். கிடைப்பது ஒரு பங்கு வாயு இழுத்து வரும் காற்றின் பங்கு. 21 மி.மீ. குழாய்க்கும் 1 மி.மீ. துளைக்கும் புரொப்பேனில் இது ஏறக்குறைய 25 வருகிறது, தேவை 24. அமெரிக்க வடிவங்கள் முக்கால் அங்குலக் குழாய்க்கு இதை ஒட்டிய துளையையே சொல்வது தற்செயல் இல்லை. அதே குழாயில் அதே துளையில் சுத்த பியூட்டேனை விட்டால் 28 பங்கு காற்றுதான் வரும், தேவையோ 31. நம் எல்பிஜி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆகவே இங்கே துளையை 0.9 மி.மீ. அல்லது அதற்கும் கொஞ்சம் குறைவாக வைத்துக்கொள்வது நல்லது. 0.8 மி.மீ. துளையில் பியூட்டேனுக்கே 35 பங்குக்கு மேல் காற்று கிடைக்கும் என்று கணக்கு சொல்கிறது. குழாயின் உராய்வு, உலையின் எதிரழுத்தம் எல்லாம் சேர்ந்து அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும் என்பதால் அந்த உபரி வீணாகாது. காற்று கூடிப்போனால் காற்று வாயைக் கொஞ்சம் மூடிக் குறைத்துக்கொள்ளலாம். குறைந்த காற்றைக் கூட்டுவதுதான் கஷ்டம்.

ஜெட்டுக்குப் பலரும் எடுப்பது மிக் வெல்டிங் டார்ச்சின் செம்பு டிப்பை. விலை குறைவு, வெல்டிங் சாமான் கடையில் எல்லாம் கிடைக்கும், துளை நேராகவும் வழவழப்பாகவும் இருக்கும். ஒரு சங்கதி மட்டும் கவனிக்க வேண்டும். டிப்பின் மேல் பொறித்திருக்கும் எண் அதற்குள் ஓடும் வயரின் கனம். வயர் தடையில்லாமல் ஓடுவதற்காகத் துளை அதைவிட ஒன்றிரண்டு பதின்மம் பெரிதாக இருக்கும். 0.8 என்று பொறித்த டிப்பின் துளை உண்மையில் 0.9 முதல் 1 மி.மீ. வரை வரும். சிறு டிரில் பிட்டின் தண்டை உள்ளே விட்டுப் பார்த்தே அளவை உறுதி செய்ய வேண்டும். நீள டிப்பில் துளையும் நீளம் என்பதால் கீற்று சிதறாமல் நேராக வரும். தகட்டில் போட்ட வெறும் ஓட்டையில் அந்த நேர்த்தி இல்லை.

உடலுக்கு ஒரு அங்குல ரெட்யூசிங் டீ ஒன்று போதும். குறுக்கே போகும் இரண்டு வாயும் ஒரு அங்குலம், நடுவில் கிளைக்கும் வாய் முக்கால் அங்குலம். குறுக்கு வாய் இரண்டும் காற்றுக்கு. கிளை வாயில் கலவைக் குழாயைத் திருகி ஏற்றுவார்கள். ஜெட் வருவது கிளைக்கு நேர் எதிரே, டீயின் முதுகில். இந்த முதுகில் போடும் துளைதான் முழு வேலையின் உயிர். கையில் பிடித்து டிரில் ஓட்டினால் டீயின் வளைவில் பிட் நழுவும். அரை டிகிரி சாய்ந்தாலும் வாயுக் கீற்று குழாய்ச் சுவரில் மோதி வேகத்தை இழக்கும். சரியான வழி லேத்தில் செய்வது. மரை போட்ட முக்கால் அங்குலத் துண்டுக் குழாயைச் சக்கில் இறுக்கி, அதன் மேல் டீயைக் கிளை வாயால் திருகி ஏற்றிச் சுற்றவிட வேண்டும். டீயின் முதுகை முதலில் சமதளமாக முகம் வெட்டி, சென்டர் டிரில் வைத்துக் குழி போட்டு, பிறகு துளையிட்டு, எட்டில் ஒரு அங்குல மரை போட வேண்டும். சுற்றுவது கிளை வாயின் மையக்கோட்டில் என்பதால் துளையும் அதே கோட்டில்தான் விழும். அந்த மரையில் ஒரு பித்தளை அடாப்டர் ஏறும். அடாப்டரின் உள்முனையில் 5 மி.மீ. துளையிட்டு எம்6 மரை போட்டால் மிக் டிப் அதில் உட்காரும்.

பிசிறு எடுக்காத துளை எவ்வளவு நேராக இருந்தாலும் பயன் இல்லை. குழாய் அறுத்த விளிம்பு, டீயின் உள்ளே வார்ப்பில் தங்கிய மணல் பொறுக்கு, மரையில் தொங்கும் இழை எல்லாவற்றையும் உருண்டை அரத்தால் வழித்துவிட வேண்டும். அடுத்து தண்ணீர்ச் சோதனை. வாயு ஹோஸ் வரும் இடத்தில் தோட்டத் தண்ணீர்க் குழாயை மாட்டி, கலவைக் குழாயைத் திருகாமல், டீயை மட்டும் பிடித்துக்கொண்டு தண்ணீரைத் திறக்கலாம். டிப்பிலிருந்து வரும் நூல் போன்ற நீர்க்கீற்று கிளை வாயின் நடுப்புள்ளி வழியே போகிறதா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். பிறகு குழாயைத் திருகிப் பார்க்க வேண்டும். நன்றாக மையம் பிடித்த ஜெட்டின் கீற்று குழாய்ச் சுவரைத் தொடாமல் மறுபக்கம் வந்து விழும். சுவரில் பட்டால் வாயில் தண்ணீர் ஒரு பக்கம் வழியும். எந்தப் பக்கம் வழிகிறதோ அந்தப் பக்கம் ஜெட் சாய்ந்திருக்கிறது. இந்தச் சோதனை முடிந்ததும் எல்லாவற்றையும் நன்றாக உலர்த்தி, டிப்புக்குள் காற்று ஊதித் துடைத்துவிட வேண்டும்.

கலவைக் குழாயின் நீளம் உள்விட்டத்தைப் போல எட்டு அல்லது ஒன்பது மடங்கு இருக்க வேண்டும். முக்கால் அங்குலத்துக்கு 170 முதல் 190 மி.மீ. வரை. இதைவிடக் குட்டையானால் வாயுவும் காற்றும் சரியாகக் கலக்காமல் வாய்க்கு வந்துவிடும், சுடரில் பச்சையும் மஞ்சளும் கோடுகோடாகத் தெரியும். ரொம்ப நீண்டால் உராய்வு காற்றை அடக்கும். கறுப்பு இரும்புக் குழாய்தான் நல்லது. நாகமுலாம் பூசிய ஜிஐ குழாயைச் சுடர்ப் பக்கம் வைத்தால் நாகம் ஆவியாகி வெள்ளைப் புகையாக வரும். அதைச் சுவாசித்தவர்களுக்கு அன்று ராத்திரியே குளிர்காய்ச்சல் வரும். டீ மட்டும் சூட்டுக்குத் தூரத்தில் இருப்பதால் ஜிஐ ஆனாலும் பரவாயில்லை.

குழாயில் கலவை ஓடும் வேகம் 1 பார் அழுத்தத்தில் வினாடிக்குச் சுமார் 14 மீட்டர். அடங்கி நிற்கும் புரொப்பேன்–காற்றுக் கலவையில் சுடர் பரவும் வேகமோ வினாடிக்கு அரை மீட்டர்கூட இல்லை. வெறும் குழாய் வாயில் நெருப்பு வைத்தால் சுடர் பறந்துபோய்விடும், நிற்கவே நிற்காது. சுடரை வாயோடு பிடித்து வைப்பதற்குத்தான் அகன்ற முனை தேவைப்படுகிறது. லேத் இருந்தால் 12 பங்கு நீளத்துக்கு 1 பங்கு விரியும் கூம்பைக் குடைந்தெடுக்கலாம். இல்லையென்றால் இன்னும் எளிய வழி இருக்கிறது. ஒரு அங்குலக் குழாயின் உள்விட்டம் 27 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். முக்கால் அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 26.9. பெரிய குழாயில் ஒரு துண்டை அறுத்து, சின்னக் குழாய்மேல் உறைபோல மாட்டிவிடலாம். உறை 25 முதல் 30 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உள்குழாய் முடிந்து உறை ஆரம்பிக்கும் படியில் கலவை சுழன்று தயங்குகிறது. அந்தச் சுழலில் சுடர் பற்றிக்கொள்கிறது. உறையை முன்னும் பின்னும் நகர்த்திச் சரியான இடம் கண்டு, பக்கவாட்டில் ஒரு ஸ்க்ரூவால் இறுக்கினால் போதும். மைல்ட் ஸ்டீல் உறை உலைச் சூட்டில் அரித்துத் தகடுதகடாக உதிரும். 304 ஸ்டெயின்லெஸ் சில பருவங்கள் தாங்கும், 310 அதைவிட நீடிக்கும்.

வாயு வரும் பாதை குறைந்த வார்த்தைகளில் சொல்லக்கூடியது, ஆனால் அதில் சமரசம் கூடாது. 0 முதல் 2 பார் வரை மாற்றக்கூடிய ஹை பிரஷர் ரெகுலேட்டர், அதன்மேல் ஒரு கேஜ், எல்பிஜிக்கென்றே செய்த அழுத்தம் தாங்கும் ஹோஸ், பர்னர் பக்கம் ஒரு கால்திருகு பால் வால்வு. ஓடிக்கொண்டிருக்கும் உலையைச் சட்டென்று அணைக்க அந்த பால் வால்வுதான் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சிலிண்டர் நேராக நிற்க வேண்டும். படுக்கவைத்தால் திரவமே ஹோஸில் வரும், ஆவியாகும்போது பல மடங்கு விரிந்து பர்னர் கக்கும். உலையிலிருந்து 3 மீட்டராவது தள்ளி வைப்பது வழக்கம். மரைகளில் எரிவாயுவுக்கான டெஃப்லான் டேப்போ பேஸ்ட்டோ போட்டு இறுக்கியபின் சோப்பு நுரையால்தான் கசிவு பார்க்க வேண்டும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிற பழைய வழக்கத்தைப் பட்டறைகளிலிருந்து முழுதாகத் துரத்த வேண்டும்.

பற்றவைக்கும்போது முதலில் நெருப்பு, அப்புறம் வாயு. எரியும் காகிதத்தை உலைக்குள் போட்டுவிட்டு, முகத்தை உலை வாய்க்கு நேரே வைக்காமல், வால்வை மெல்லத் திறக்க வேண்டும். வாயுவை முதலில் திறந்துவிட்டு நெருப்பைத் தேடினால் உலை முழுதும் கலவை நிரம்பி வெடிக்கும். குளிர்ந்த உலையில் புதுச் சுடர் கொஞ்சம் தத்தளிக்கும், படபடக்கும். காற்று வாயில் பாதியைத் தகட்டால் மூடினால் அது நிலைத்துவிடும். உள்சுவர் செந்நிறமாக ஆரம்பித்ததும் சுடரின் சுபாவமே மாறுகிறது. தானாகப் பற்றும் வெப்பநிலையைச் சுவர் தாண்டிவிட்டதால் இனி கலவை எங்கே தொட்டாலும் எரியும். படபடப்பு போய், ஒரே சீரான ஆழ்ந்த இரைச்சல் கேட்கும். அப்போது அந்தத் தகட்டை எடுத்துவிட்டுச் சுடரைப் பார்க்க வேண்டும். உட்கூம்பு கூர்மையாகவும் இளநீலமாகவும் இருந்தால் கலவை சரி. பசுமையேறி மங்கலாக நீண்டால் வாயு அதிகம். உலை வாய்க்கு வெளியே நீண்டு ஆரஞ்சாகத் தழல் நாக்கு நீட்டினால் உள்ளே காற்றில்லாமல் தவித்த வாயு வெளியே வந்து எரிகிறது என்று அர்த்தம். கூம்பு சின்னதாகிச் சீறினால் காற்று அதிகம். டிப்பை வெட்டித் துல்லியப்படுத்துவது இந்தக் கட்டத்தில்தான். டிப் நீளமாக இருக்கும்போது அதன் முனை குழாய் வாய்க்கு நெருங்கி நிற்கும், காற்று குறைவாக வரும். அரை மி.மீ., அரை மி.மீ. ஆக அரத்தால் தேய்த்துப் பின்னுக்குக் கொண்டுவந்தால் காற்று கூடும். தேய்த்த ஒவ்வொரு முறையும் பிசிறு எடுக்க வேண்டும். பொறுமை உள்ளவர்களின் பர்னர் ஒரு மாலைக்குள் தன் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். அவசரக்காரர்கள் ஒரே தடவையில் 3 மி.மீ. அறுத்துவிட்டுப் புது டிப் வாங்கப் போவார்கள்.

சில சமயம் பர்னர் திடீரென்று 'பட்' என்று சத்தமிட்டு, சுடர் குழாய்க்குள்ளே பின்வாங்கி டிப்பின் முன்னே நின்று எரிய ஆரம்பிக்கும். இதைப் பின்னெரிவு என்பார்கள். அழுத்தத்தை மிகவும் குறைத்து ஓட்டுவது, குழாய் முனை அளவு மீறிச் சூடாவது, உலையின் புகைவாய் அடைபடுவது ஆகியவை முக்கியக் காரணங்கள். கலவை வரும் வேகம் சுடர் முன்னேறும் வேகத்தைவிடக் குறைந்தால் சுடர் பின்னுக்கு வந்துவிடும். உடனே வாயுவை நிறுத்தி, குழாய் ஆறியபின்தான் மறுபடி பற்றவைக்க வேண்டும். எரியவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் டீயே சிவந்துவிடும்.

பர்னர் எவ்வளவு நல்லதானாலும் உலை அதற்குத் துணை வர வேண்டும். முக்கால் அங்குல பர்னர் ஒன்று 5 முதல் 6 லிட்டர் உட்கொள்ளளவுள்ள உலையைக் கொல்லுவேலைச் சூட்டுக்குக் கொண்டுவரும். இதைவிடப் பெரிய உலை கட்டிவிட்டு அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவது சிலிண்டரைக் காலி செய்யும் வழி. 1260 டிகிரி தரச் செராமிக் ஃபைபர் கம்பளியை 25 மி.மீ. கனத்தில் இரண்டு அடுக்குப் போட்டு, மேலே சூடு தாங்கும் காரையான காஸ்டபிளை 10 மி.மீ. பூசுவது வழக்கமான முறை. கம்பளியை வெட்டும்போது பறக்கும் இழை நுரையீரலுக்குள் போகாமல் என்95 முகக்கவசம் கட்டாயம் போட வேண்டும். பலநாள் உயர்சூடு கண்ட கம்பளியின் ஒரு பகுதி நுரையீரலைக் கெடுக்கும் கிரிஸ்டோபலைட்டாக மாறியிருக்கும் என்பதால் பழைய உலையைப் பிரிக்கும்போது இந்த ஜாக்கிரதை இன்னும் அதிகம் தேவை. பூச்சு முழுதாகக் காய்ந்தபின், முதல் தடவை மிதமான சுடரில் ஏற்றி ஏற்றித்தான் உலையைச் சூடாக்க வேண்டும். உள்ளே தங்கிய ஈரம் நீராவியானால் பூச்சு பிளக்கும். உருக்கும் உலையில் பர்னரைத் தொடுகோட்டில் சாய்த்து வைத்தால் சுடர் மூசையில் நேரடியாக மோதாமல் அதைச் சுற்றிச் சுழன்று ஏறும். முனை உட்சுவருக்கு 10 மி.மீ. பின்தங்கியிருக்கட்டும். புகைவாய் மிக முக்கியம். மணிக்கு 18 கனமீட்டராக நுழையும் கலவை 1300 டிகிரியில் ஐந்து மடங்குக்கு மேல் விரிகிறது. அதற்கு வெளியேற வழியில்லாமல் உலைக்குள் அழுத்தம் கூடினால், காற்று இழுக்கும் பர்னர் தோற்றுவிடும். அதற்கு எதிர்த்துத் தள்ளும் சக்தி கிடையாது. மூடியில் 75 மி.மீ. ஓட்டை போதுமானது.

2 கிலோ அலுமினியத்தை 30 டிகிரியிலிருந்து 720 டிகிரிக்கு உருக்கிக் கொண்டுவர ஏறக்குறைய 2.2 மெகாஜூல் வெப்பம் தேவை. 17 கிலோவாட் பர்னர் நிமிடத்துக்கு 1 மெகாஜூல் கொடுக்கிறது. கணக்குப்படி இரண்டு நிமிடத்தில் உருகியிருக்க வேண்டும். நடைமுறையில் இருபது நிமிடம் வரை ஆகிறது. பத்தில் ஒன்பது பங்கு சூடு புகைவாய் வழியே போகிறது, சுவரைச் சுடுகிறது, மூசையைச் சுடுகிறது. இதனால்தான் உலைச் சுவரிலும் மூடியிலும் செலவழிக்கும் நேரம் பர்னரில் செலவழிக்கும் நேரத்தைவிட அதிகமாகச் சிலிண்டரில் மிச்சமாகத் திரும்பி வரும். மூடி இல்லாத உலையில் அலுமினியம் உருக்கலாம், வெண்கலம் உருக்குவது கஷ்டம்.

ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒவ்வொரு சுடர். அலுமினியம் உருகிய நிலையில் ஹைட்ரஜனை விழுங்கி, உறையும்போது கக்கி, வார்ப்பில் ஊசித் துளைகளை விட்டுவிடும். எரிந்த வாயுவில் நீராவி நிறைய இருப்பதால் அலுமினியத்தை உருகியதும் சீக்கிரம் ஊற்ற வேண்டும், 750 டிகிரிக்கு மேல் வேகவைக்கக் கூடாது. செம்புக் கலவைகளுக்குக் காற்று கொஞ்சம் மேலோங்கிய சுடர் நல்லது. பித்தளை உருக்கும்போது நாகம் 907 டிகிரியிலேயே கொதிக்கும் என்பதை மறக்கலாகாது. வெண்புகை கிளம்பினால் திறந்தவெளிக்குப் போவதுதான் மருந்து. இரும்பு அடிக்கிறவர்களுக்கு நேர்மாறு. வாயு கொஞ்சம் மேலோங்கிய சுடரில்தான் செதில் குறைவாக உதிரும். பற்றாசுக்காகப் போராக்ஸ் தூவுகிற உலையில் கீழ்த்தளத்தை அலுமினா அதிகமுள்ள காஸ்டபிளால் போட வேண்டும். இல்லையென்றால் உருகிய போராக்ஸ் ஃபைபர் கம்பளியைச் சர்க்கரையைப் போலக் கரைத்துவிடும்.

ஊதுவிசிறி வைத்த பர்னர் வேறு வகை. அதில் காற்றை மின் ப்ளோயர் தள்ளுகிறது, வாயு குறைந்த அழுத்தத்தில் பக்கவாட்டில் நுழைகிறது. ஜெட்டின் மையம், துளையின் நுணுக்கம் எதுவும் இங்கே கறாராகப் பார்க்கத் தேவையில்லை. காற்றுக்கு ஒரு கதவு வால்வு, வாயுவுக்கு ஒரு ஊசி வால்வு. இரண்டையும் திருகித் திருகி எந்தச் சுடரையும் கொண்டுவரலாம். எதிரழுத்தத்தையும் அது மீறும், அதனால் வார்ப்பிரும்பு உருக்குகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் நாடுகிறார்கள். ஆனால் கரண்ட் போனால் காற்று நிற்கும், வாயு நிற்காது. எரியாத வாயு ப்ளோயர் வழியாகப் பின்னுக்கு வந்து அறையில் பரவும். மின்சாரம் இருக்கும்போது மட்டும் திறந்திருக்கும் சாலினாய்டு வால்வை வாயுப் பாதையில் போட்டுவிட்டால் அந்த ஆபத்து தீரும். அந்த வால்வு இல்லாத ஊதுபர்னரை எந்த ஊரிலும் எரிக்கக்கூடாது. மின்வெட்டு அடிக்கடி வருகிற ஊரில் அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

ஒரு மணி நேரம் ஓடியபிறகு சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தால் சில்லிட்டிருக்கும். அடிப்பாகத்தில் வியர்த்து, சில சமயம் வெள்ளையாக உறைபனி படியும். திரவம் ஆவியாக ஒவ்வொரு கிலோவுக்கும் 350 கிலோஜூல் அளவுக்கு வெப்பம் தேவை. அதைச் சிலிண்டரின் உடலிலிருந்தும் உள்ளிருக்கும் திரவத்திலிருந்தும்தான் எடுக்கிறது. நிறைந்த 19 கிலோ சிலிண்டர் இதைத் தாங்கும். தீரும் தறுவாயில் இருப்பது சட்டென்று குளிர்ந்து, கேஜின் முள் கீழே இறங்கும், சுடர் சோர்ந்துபோகும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் பியூட்டேன் மிகுந்த சிலிண்டர் இன்னும் சீக்கிரம் சோரும். பெரிய சிலிண்டர் நல்லது என்று முன்னால் சொன்னது இதனால்தான். சாதாரணக் குழாய்த் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் சிலிண்டரின் அடியை நிறுத்தி வைத்தால் போதிய வெப்பம் கிடைக்கும். வெந்நீர் ஊற்றுவதோ, எந்த வகையில் சூடு காட்டுவதோ கூடாது.

மணிக்கு 17 கனமீட்டர் காற்று செலவாகிறது என்றால், 10 அடிக்கு 10 அடி அறையின் காற்று முழுவதும் இரண்டு மணி நேரத்துக்குள் உலை வழியாகப் போய்விடும். வாயு மேலோங்கிய சுடரில் கார்பன் மோனாக்சைடு நிறைய வரும்; அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. உலை ஓடும் இடம் இரண்டு பக்கமாவது திறந்திருக்க வேண்டும், கார்பன் மோனாக்சைடு மீட்டர் ஒன்று தலை மட்டத்தில் தொங்க வேண்டும். மூசை, கரண்டி, அச்சு எதிலும் துளி ஈரம் இருக்கக்கூடாது. ஈரத்தின்மேல் உருகிய உலோகம் விழுந்தால் நீராவி வெடித்து முகத்துக்கு வரும். சிமெண்டுத் தரையில் உருகிய உலோகம் சிந்தினாலும் அதே கதைதான். வார்க்கும் இடத்தில் உலர்ந்த மணலைப் பரப்பிக்கொள்ள வேண்டும்.

அணைக்கும்போது முதலில் சிலிண்டர் வால்வை மூட வேண்டும். ஹோஸில் மிச்சமுள்ள வாயு எரிந்து தீர்ந்தபிறகு பர்னர் வால்வு. உடனே டீயின் இரண்டு காற்று வாய்களையும் மூடியால் அடைத்துவிட வேண்டும், அல்லது பர்னரையே உலையிலிருந்து உருவி வைத்துவிட வேண்டும். மேலிருந்து கீழ்நோக்கி மாட்டிய பர்னரில் இது மிகவும் அவசியம். உலையின் வெப்பக் காற்று குழாய் வழியே மேலேறி, வாயு ஓடும்போது குளிர்ந்தே இருந்த டிப்பையும் பித்தளை அடாப்டரையும் அப்போதுதான் சுடுகிறது. ஹோஸின் முனை இளகிப்போவதும் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான், ஓடும்போது அல்ல.

சில வாரம் சும்மா கிடந்த பர்னரைப் பற்றவைக்கும் முன் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். குளவி மண் கூடு கட்டுவதற்கு 21 மி.மீ. குழாயைவிட வசதியான இடம் கிடைக்காது, சிலந்தியும் வலை பின்னும். மூடி போட்டு வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. எல்பிஜியில் வரும் எண்ணெய்ப் பிசுக்கு நாளடைவில் டிப்பின் துளையில் படிந்து, சுடரை ஒருபக்கம் சாய்க்கும். டிப்பைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துளையை அகலப்படுத்தாத மெல்லிய செம்புக் கம்பியை விட்டுத் துடைத்தால் சரியாகிவிடும். இரும்புக் கம்பியோ டிரில் பிட்டோ விடக்கூடாது. துளை வட்டம் கெட்டால் புது டிப்தான் போட வேண்டும். உறை முனையின் விளிம்பு காகிதம் போல மெலிந்ததும் அதையும் மாற்ற வேண்டும். ஹோஸை வளைத்துப் பார்க்கும்போது மேற்பரப்பில் மயிரிழைக் கீறல் தெரிந்தால், தேதி மிச்சமிருந்தாலும், அன்றே புதிது வாங்கி மாட்டி, எல்லா இணைப்பையும் மறுபடி சோப்பு நுரை போட்டுப் பார்த்தபின்தான் சிலிண்டரைத் திறக்க வேண்டும்.